சென்னையில் நல்ல மனநல மருத்துவர் யாரையாவது தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. என் நெருங்கிய நண்பனுக்காகக் கேட்கிறேன். எழுதச் சொன்னதே அவன்தான். வயது 27, தன்பாலீர்ப்பாளன். வார இறுதிப் பார்ட்டிகளில் மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) பழகிவிட்டான். அது ஏறிவிட்டால் இரவு முழுக்கத் தூக்கமில்லை, பசியில்லை, ஆணுறை நினைவும் இல்லை. திங்கட்கிழமை பார்த்தால் உதடு வெடித்து, கண் உள்ளே போய், யாரோடு இருந்தோம் என்பதே பாதி மறந்திருக்கும்.

அப்படி ஒரு இரவுக்குப் பிறகுதான் பெப் (PEP, ஆபத்தான உறவுக்குப் பின் எச்ஐவி தொற்றாமல் தடுக்க எடுப்பது) மாத்திரை தொடங்க வைத்தேன். (உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உங்களில் யாருக்காவது தேவைப்பட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தயவுசெய்து இருக்காதீர்கள்.) நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி பரிசோதனை மையம்) பார்த்தவரை எச்ஐவி இல்லை, இன்னொரு பரிசோதனை பாக்கி. அப்புறம் பிரெப் (PrEP, எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மருந்து) எடுக்கலாம் என்று இருக்கிறான்.

சிக்கல் போதைதான். ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். "கல்யாணம் பண்ணி வையுங்க, சரியாயிடும்" என்றார்கள். இனி எங்கேயும் வரமாட்டேன் என்கிறான்.

அவன் ஈர்ப்பை மாற்ற நினைக்காமல், மெத் பழக்கத்தை மட்டும் விட உதவுகிற மனநல மருத்துவரோ ஆலோசகரோ தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பிரெப் எழுதித் தருபவரும் வேண்டும். மாலையில் பார்ப்பவர் என்றால் வசதி, அவனுக்குப் பகல் வேலை.