உப்புக் காற்றிலும் உரியாத மாட்டுப் படம்

சுவர்க்காரன், தேவிபட்டினம்:
மகள் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவில் க்னோசோஸ் என்ற பழைய அரண்மனையின் சுவர் ஓவியமாம், ஏறக்குறைய 3,500 வருஷப் பழசு. பாயும் காளையின் முதுகில் ஒருவன் கரணம் அடிக்கிறான். முன்னால் ஒரு ஆள் கொம்பைப் பிடித்திருக்க, பின்னால் இன்னொரு ஆள் கை நீட்டி நிற்கிறது. நான் முப்பது வருஷமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். இங்கே இரண்டு மழை தாண்டினால் செதிள் செதிளாக உரிந்துவிடும். கிரீட்டும் கடல் நடுவேதானே, அங்கே எப்படி நின்றது? அப்புறம், அந்த மாட்டுக்குத் திமிலே இல்லை. எதைப் பிடித்து அணைவது?

கீழக்கரைக் கொத்தன்:
அண்ணே, நீங்கள் அடிப்பது காய்ந்த சுவரில், மேலோடு ஒட்டும். அவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே காவி, மஞ்சள் காவியெல்லாம் தீட்டினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பக் கல்லாக இறுகும்போது நிறமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பூச்சு ஈரம் இழுத்து இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். அந்தக் காளையின் முதுகுக் கோட்டைப் பாருங்கள், யோசித்து நின்ற கை இல்லை அது.

பழசு தேடி:
சரி, ஆனால் 'நின்றது' என்று சொல்ல முடியாது. ஆர்தர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1900இல் அந்த அரண்மனையைத் தோண்டத் தொடங்கினார். படம் மண்ணுக்குள் சில்லுச் சில்லாகத்தான் கிடைத்தது. ஜில்லியரோன் என்ற ஓவியர் ஒட்டிச் சேர்த்து, இல்லாத இடத்தை வரைந்து நிரப்பினார். இப்போது கிரீட்டிலேயே ஹெராக்லியோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஓரத்து வெள்ளை ஆட்கள் இருவரும் பெண்கள் என்றார் எவன்ஸ். எகிப்து ஓவியங்களில் பெண்ணுக்கு வெளிர் நிறம், ஆணுக்குச் செந்நிறம் தீட்டுவது வழக்கம், இங்கேயும் அப்படித்தான் என்பது அவர் கணக்கு. அவர்கள் பெண்கள்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

வடமாட்டுக்காரன், திருவாடானைப் பக்கம்:
கொம்பைப் பிடித்தால் மாடே தூக்கி முதுகில் எறியும் என்று எவன்ஸ் நினைத்தாராம். ஒரு நாள் களத்தில் இறங்கியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். மாடு நேராகத் தூக்காது, பக்கவாட்டில் சாய்த்துக் குத்தும். என் இடது விலாவைக் கேளுங்கள். ஸ்பெயினில் இன்றும் தாண்டுகிறார்கள், ஆனால் கொம்பைத் தொடுவதில்லை, ஓடிவந்து மேலே பறக்கிறார்கள். திமில் இல்லாததால்தான் அங்கே தாண்டுவது, இங்கே தழுவுவது என்பது என் கணக்கு.

சுவர்க்காரன், தேவிபட்டினம்:
விலா தேவலையா தம்பி? கொத்தனாரே, பின்சுவரில் ஒரு முழம் பூசிக் காவி வைத்துப் பார்க்கப் போகிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும்?

கீழக்கரைக் கொத்தன்:
ஒரு மாதமாவது ஊறட்டும். அதுவரை மகளை மாடு வரைந்து பழகச் சொல்லுங்கள்.