அருவா முதுகுல தட்டி விறகு பிளக்கலாமா? கோடாரி வெட்டிச் சுமையா?

உலைக்களம்:
மன்றத்துல கூடாரம் வாங்குற விவாத இழையில ஒத்தைக்கத்தி போற போக்குல எழுதிட்டுப் போனது இது: "முகாமுக்குக் கோடாரி வெட்டிச் சுமை. ஒரு அருவா போதும். விறகு மேல வச்சு முதுகுல கட்டையால தட்டினா எதுவும் பிளக்கும்." அதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேற. அங்க பதில் சொன்னா இழை கெட்டுடும்னு தனியா ஆரம்பிக்கிறேன்.

பிளக்குறது கூர்மை இல்லை, தடிமன். கோடாரி வாய் அரை அங்குலம் இறங்கினதும் அதோட கன்னம், அதாவது வாய்க்குப் பின்னாடி தடிக்கிற பக்கம், ரெண்டு பக்கமும் நாரைத் தள்ளுது. விரிசல் வாய்க்கு முன்னாடியே ஓடிடும். அருவாளுக்குக் கன்னமே கிடையாது, முதுகே 5, 6 மி.மீ.தான். 10 செ.மீ. கட்டையில பாதி இறங்கிச் சிக்கிக்கும். சிக்கினதும் நுனியில அடிப்பீங்க. நுனியில அடிச்சா வால் ஆடும். வால்னா பிடிக்குள்ள போற கம்பி. அதைச் சூடு பண்ணி மரப்பிடியில இறக்கி ஒரு பூண் போட்டிருக்கும், அவ்வளவுதான் பிடிமானம். ஒவ்வொரு அடியும் அங்க நெம்பும். பூண் தளரும், பிடி வெடிக்கும். மழையில நனைஞ்ச விறகோட ராத்திரி எட்டு மணிக்குக் கையில வெறும் இரும்புப் பட்டை இருக்கும்.

வாங்க வேண்டியது: தலை 600–800 கிராம், காம்பு 38–40 செ.மீ. கைக்கோடாரி. இதுல விவாதமே இல்லை.

ஒத்தைக்கத்தி:
விவாதமே இல்லைன்னா இழை எதுக்கு அண்ணே?

லாரிப் பட்டையில அடிச்ச திருப்பாச்சேத்தி அருவாளுக்குத் துவைச்சல், அதாவது சூடு பண்ணி முக்கிக் கெட்டியாக்குறது, வாய்ல மட்டும்தான். முதுகைக் கெட்டியாக்காம மிருதுவா விட்டிருக்கும். கட்டையால தட்டினா ஒண்ணும் ஆகாது. கல்லு, சுத்தியல்னு எடுத்தாத்தான் முதுகு பிதுங்கும். தட்டுற கட்டை பச்சை மரமா, மணிக்கட்டு தடிமன்ல, ஒரு முழம் இருக்கணும். அலகோட நீளத்தைவிட 5 செ.மீ. ஒல்லியான விறகா எடுக்கணும், அப்பதான் வாய் முழுசா இறங்கின பிறகும் நுனி வெளிய நீட்டும். பிடியை இறுக்காம, நுனி சாயாம சமமா வச்சுத் தட்டணும். இது தெரியாதவன் தட்டினாத்தான் பிடி வெடிக்கும்.

இன்னொண்ணு. அருவா விறகு மேலேயே உட்கார்ந்திருக்கு. வீசறதே இல்லை. 40 செ.மீ. கோடாரியை நின்னுக்கிட்டு வீசித் தவறவிட்டா எங்க இறங்கும்? முழங்காலுக்குக் கீழ.

உலைக்களம்:
"நுனி வெளிய நீட்டும்." நன்றி. நீட்டின நுனியிலதானே அடிப்பீங்க? நுனியில அடிச்சா வால் ஆடும். அதுவும் திருப்பாச்சேத்தி அருவாளுக்கு நுனி வளைஞ்சு கீழ பார்க்குது. அந்த வளைவு மேல கட்டை பட்டா வழுக்கிட்டுத்தான் போகும். அடிக்க நேரான முதுகு எங்க இருக்குன்னு காட்டுங்க.

நின்னுக்கிட்டு யாரு வீசச் சொன்னா? குட்டைக் காம்புன்னா முட்டி போடணும். முன்னாடி அடிக்கட்டை, விறகு அதோட தூர ஓரத்துல. தவறினா கோடாரி கட்டையில இறங்கும், கால்ல இல்லை. சின்ன விறகுன்னா வீசவே வேண்டாம். வாயை விறகு மேல பதிய வச்சு, ரெண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில இறக்கு. பாதி பிளந்ததும் கோடாரியைத் திருகு. முடிஞ்சது.

சவுக்குத்தோப்பு:
என்ன மரம், எவ்வளவு தடிமன்னு ரெண்டு பேருமே சொல்லலை. சவுக்கு நேர் நார், சுலபமாப் பிளக்கும். அதுல 5 செ.மீ. கழின்னா பிளக்கவே தேவையில்லை, அறுத்துப் போட்டா எரியும். தைலமரத்தைப் பச்சையிலயே பிளந்திடணும், காஞ்சா இரும்பு. சீமைக்கருவேலம் முழுக்கக் கோணலும் கணுவும். புளியில நார் பின்னிக் கிடக்கும். கசாப்புக் கடையில அடிக்கட்டைக்குப் புளி போடுறதே எத்தனை வெட்டு விழுந்தாலும் பிளக்காதுன்னுதான். மரத்தைச் சொல்லிட்டு அப்புறம் அருவாளா கோடாரியான்னு அடிச்சுக்கங்க.

உலைக்களம்:
என்ன மரமா இருந்தாலும் வால் ஆடும்.

நடைபாதை:
வணக்கம், புது ஆள். ஏலகிரியில ஒரு தனியார் தோட்டத்துல நாலு பேர் ஒரு ராத்திரி தங்குறோம், நெருப்புக்கு அனுமதி இருக்கு. விறகு அங்கேயே தருவாங்களாம். எதை வாங்கலாம்?

ஒத்தைக்கத்தி:
அருவா.

உலைக்களம்:
புது ஆளை ஏன் கெடுக்குறீங்க? பைக் பையில அருவா வச்சுக்கிட்டு வாணியம்பாடி சோதனைச் சாவடியில நின்னு பார்க்கச் சொல்லுங்க. 9 அங்குலத்துக்கு மேல நீளம், இல்லைன்னா 2 அங்குலத்துக்கு மேல அகலம் இருந்தா ஆயுத விதியில வரும்.

ஒத்தைக்கத்தி:
பாதியை மட்டும் படிக்கிறது உங்க பழக்கம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திக்கு அதே விதியில விலக்கு இருக்கு. மண்ணெண்ணெய் அடுப்பு இழையிலயும் இதேதான் பண்ணீங்க. காற்றழுத்தம் பத்திக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

உலைக்களம்:
அந்த இழையைப் பூட்டினது நான் இல்லை. விலக்கு இருக்குன்னு ராத்திரி ரோந்துல நிக்கிறவர்கிட்ட நீங்களே விதியைப் படிச்சுக் காட்டுங்க.

குளிர்தேசம்:
ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இஞ்ச முகாமுக்கு வெளியில இருந்து விறகு கொண்டு வராதேங்கோ எண்டு சொல்லுவினம். 2002இல விண்ட்சர் பக்கம் கண்டுபிடிச்ச மரகத வண்டு ஆஷ் மரங்களை அழிச்சுக்கொண்டு வருது, விறகோட சேர்ந்து அது பரவும். அதால அங்க விக்கிறதைத்தான் வாங்கிக் கொத்த வேணும். அதுக்கு ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7 எண்ட கைக்கோடாரி காணும். 640 கிராம், 36 செ.மீ. தலையைச் சுத்திப் பிடியை அச்சில வார்த்திருக்கு, கழராது. வாலும் இல்லை, பூணும் இல்லை. ரெண்டு பேற்ற சண்டையும் முடிஞ்சுது.

உலைக்களம்:
முடியலை. பிளாஸ்டிக் பிடி உடைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். வேல மரக் காம்பு எந்த ஊர்ப் பட்டறையிலயும் மாத்தலாம்.

குளிர்தேசம்:
பிளாஸ்டிக் எண்டு வாளியைச் சொல்லுங்கோ. இது கண்ணாடி நார் கலந்த பொலியமைட். உங்கட மரக் காம்பு ஆடினால் தண்ணிக்குள்ள ஊறப்போட்டு இறுக்குவியள். காய்ஞ்சதும் முந்தியைவிட மோசமா ஆடும்.

உலைக்களம்:
ஊறப்போடச் சொன்னேனா? எங்க சொன்னேன், வரியைக் காட்டுங்க. ஊறினா நார் நசுங்கும், காஞ்சதும் சுருங்கும், எனக்குப் பாடம் வேண்டாம். தலைப்பக்கம் காம்பைக் கீறி, காஞ்ச கெட்டி மரத்துல ஆப்பு அடிச்சு, ஆளி விதை எண்ணெய் தடவி விடணும். காம்போட முனையைப் பாருங்க: ரேகை கோடாரி வாய்க்கு இணையா ஓடணும். குறுக்க ஓடினா அது முறியுற காம்பு.

ஒத்தைக்கத்தி:
சரி, உங்க கோடாரி கணுவுல சிக்கிக்கிச்சு. என்ன செய்வீங்க? மண்டையில, அதான் வாய்க்கு எதிர்ப்பக்கம், சம்மட்டியால போடுவீங்களா?

உலைக்களம்:
போடக் கூடாது. காம்பு போற ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் சுவர் மெலிசு. இரும்பால அடிச்சா ஓட்டை சப்பும், காம்பு தளரும். விறகோட சேர்த்துத் தலைகீழாத் திருப்பி, மண்டை கீழ இருக்குற மாதிரி அடிக்கட்டையில இறக்கணும். விறகோட எடையே பிளந்துடும்.

ஒத்தைக்கத்தி:
ஆக, உங்க கோடாரியை அடிச்சா தளரும், என் அருவாளை அடிச்சா தளராது. எழுதி வச்சுக்கிட்டேன்.

உலைக்களம்:
இரும்பால அடிக்கிறதைப் பத்திச் சொன்னேன். கட்டையால தட்டினா கோடாரிக்கு ஒண்ணும் ஆகாது. உங்க அருவாளுக்குக் கட்டையால தட்டினாலே வால் ஆடும்.

சவுக்குத்தோப்பு:
கணு இருக்குற விறகைக் கணுப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, சிக்காது. பெரிய உருட்டுன்னா நடுவுல அடிக்காம ஓரத்துல இருந்து பத்தை பத்தையா எடுங்க. மெலிஞ்ச முனையில இருந்து பிளந்தா விரிசல் நேரா ஓடும்.

ஒத்தைக்கத்தி:
மெலிஞ்ச முனையா? அது மூங்கிலுக்கு. மரத்தை அடிப்பக்கம் இருந்துதான் பிளக்கணும்.

சவுக்குத்தோப்பு:
விறகு வியாபாரிக்கு விறகு சொல்லித் தர்றீங்க. ரொம்ப சந்தோஷம்.

குளிர்தேசம்:
பயமெண்டால் வேற வழியும் இருக்கு. நியூசிலாந்தில அய்லா ஹட்சின்சன் எண்ட பள்ளிப் பிள்ளை 2013இல ஒரு சாமான் செய்தவ. இரும்பு வளையத்துக்குள்ள வாய் மேல பார்க்கிற மாதிரி ஒரு ஆப்பு. விறகை அதில நிமித்தி வைச்சுச் சுத்தியலால அடிச்சால் சரி. கைக்குக் கிட்ட கூரான ஒண்டையும் வீசத் தேவையில்லை.

உலைக்களம்:
வார்ப்பிரும்பு, நாலு கிலோவுக்கு மேல. மலையில யார் தூக்குறது?

ஒத்தைக்கத்தி:
சுமையைப் பத்தி இப்பதான் ஞாபகம் வருதா?

மட்டுறுத்துநர்:
அடுப்பு இழைச் சண்டையை இங்க கொண்டு வர வேண்டாம். விதி எண் 4.

ஒத்தைக்கத்தி:
வாலே பிரச்சினைன்னா முழு வால் கத்தி இருக்கு. இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடும். மோரா கார்பெர்க்னு ஒரு கத்தி அப்படித்தான், அலகு 3.2 மி.மீ. தடிமன். ஆட என்ன இருக்கு அதுல?

உலைக்களம்:
அருவாளை விட்டுட்டுக் கத்திக்கு வந்தாச்சு, கவனிங்க மக்களே. அந்த அலகு 109 மி.மீ. நீளம். உங்க கணக்குப்படியே 5 செ.மீ. கழிச்சா மிச்சம் 6 செ.மீ. அந்தத் தடிமன் விறகைப் பிளக்கவே வேண்டாம்னு சவுக்குத்தோப்பே சொல்லிட்டார்.

சவுக்குத்தோப்பு:
நான் சொன்னது சவுக்குக்கு. என்னை இழுக்காதீங்க. மழையில நனைஞ்சிருந்தா 6 செ.மீ. கழியையும் பிளந்து உள்ள இருக்குற காஞ்ச பாகத்தை எடுத்தாத்தான் நெருப்பு பிடிக்கும்.

ஒத்தைக்கத்தி:
கேட்டீங்களா? அதுக்குத்தான் தட்டச் சொல்றேன். அருவாவோ கத்தியோ, முதுகுல தட்டு, பிளக்கும்.

உலைக்களம்:
எத்தனை தரம் சொல்றது? அருவான்னா நுனியில அடிச்சா வால் ஆடும். கத்தின்னா கணுவுல பட்டதும் வாய் மடங்கும். எந்தப் பட்டறைக்காரன்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, காத்திருக்கேன்.