மர அச்சில் அழுத்திய மயில் ஓவனில் கரையாமல் நிற்க எந்த மாவு?

தோபாயோ_பலகாரம்:
வணக்கம். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள். அத்தை ஒரு பழைய மர அச்சு கொடுத்தார். மயில், தாமரை, மீன் என்று மூன்று குழி, மயில் தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறது. வழக்கமாகச் செய்யும் நெய் பிஸ்கட் மாவையே அதில் அழுத்தி எடுத்தேன், தட்டில் வைக்கும்போது அவ்வளவு அழகு. 170 டிகிரியில் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தோகை மறைந்து வெறும் மேடுதான் இருந்தது. மாவில் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுவேன். ருசி கெடாமல் வடிவம் நிற்க என்ன செய்யலாம்?

ஈசூன்_அடுப்படி:
முதல் வேலை, பேக்கிங் பவுடரை எடுத்துவிடுங்கள். மாவு உப்பினால் செதுக்கிய கோடு எதுவும் தங்காது. அடுத்தது நெய். அது முழுக்கக் கொழுப்பு, மாவு இறுகுவதற்கு முன்பே உருகி வழிந்துவிடும். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீரும் இருப்பதால் மாவைச் சற்றுப் பிடித்து வைக்கும். நெய் பிஸ்கட் வாயில் கரைவதற்காகவே செய்வது, அதை உருண்டையாகவே விட்டுவிடுங்கள், அச்சுக்குத் தனி மாவு பிசையுங்கள்.

நான் செய்வது: மைதா 250 கிராம், கார்ன்ஃப்ளவர் 50, வெண்ணெய் 150, ஐசிங் சுகர் 100, ஒரு முட்டை மஞ்சள் கரு, தேவைப்பட்டால் ஒரு ஸ்பூன் பால், ஏலக்காய். சாதாரண சர்க்கரை வேண்டாம், அதன் பெரிய மணிகள் சூட்டில் கரைந்து பிஸ்கட்டைப் பரத்திவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்காதீர்கள், கலந்தால் போதும், உள்ளே போகும் காற்றும் உப்ப வைக்கும். நம் சிங்கப்பூர் வெயிலில் பிசைந்து முடிப்பதற்குள்ளேயே வெண்ணெய் இளகிவிடும், அதனால் மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அச்சிலிருந்து எடுத்த பிறகு தட்டோடு ஃப்ரீசரில் இன்னொரு இருபது நிமிடம் வைத்து, நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ளுங்கள். 160 டிகிரி போதும், ஓரம் இலேசாகச் சிவந்ததும் எடுத்துவிடலாம்.

மரவள்ளி_மாவு:
வெண்ணெயே வேண்டாம் என்றால் குவே பங்கிட் என்ற மரவள்ளி மாவு பிஸ்கட் இருக்கிறதே! சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் அண்டை வீட்டார் செய்வது, அதற்கென்றே மர அச்சு உண்டு. மரவள்ளிக்கிழங்கு மாவை, வாசனைக்குப் போடும் பாண்டான் இலையோடு சிறு தீயில் வறுத்து, ஈரம் போய் மாவு இலகுவானதும் இறக்கி நன்றாக ஆறவிட வேண்டும், நான் ஒரு இரவு விட்டுவிடுவேன். அப்புறம் முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, கெட்டித் தேங்காய்ப்பால். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கூடினால் கல் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் அச்சிலேயே வெடிக்கும். மயில் கண் வரைக்கும் நிற்கும்.

அச்சில் எண்ணெய் தடவாதீர்கள், மாவு இடுக்குகளில் பசை போல அடைத்துக்கொள்ளும். உலர்ந்த மாவைத் தூவி, கவிழ்த்துத் தட்டிவிட்டு அழுத்துங்கள். முடிந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்தால் போதும், மரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் விரிசல் விடும்.

ஈசூன்_அடுப்படி:
அச்சு விஷயத்தில் இவர் சொல்வது சரி. ஜெர்மனியில் ஸ்ப்ரிங்கர்லே என்று ஒன்று உண்டு, வெண்ணெய் அதிகம் இல்லாத முட்டை மாவை அச்சில் பதித்து, மேல் பக்கம் காயும்வரை ஒரு இரவு விட்டுச் சுடுவார்கள். இங்கே இருக்கும் ஈரக்காற்றில் குளிரூட்டிய அறையில் வைத்தால்தான் அது காயும், அதனால் தீபாவளி அவசரத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

தோபாயோ_பலகாரம்:
நேற்று இரவு வெண்ணெய் மாவில் பன்னிரண்டு சுட்டேன். ஃப்ரீசரில் வைத்த ஆறும் தோகையோடு வந்தன, வைக்காத ஆறில் கோடுகள் மங்கிவிட்டன. மாமியாருக்கு ஏலக்காய் இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். சனிக்கிழமை குவே பங்கிட் முயற்சி செய்கிறேன், பாண்டான் இலை வாங்கியாயிற்று. இருவருக்கும் மிக்க நன்றி.