மிளகாய், குடைமிளகாயில் அழுகல்: உங்கள் வீட்டில் எப்படி வந்தது, எப்படி நின்றது?

மடிப்பாக்கம், மாடித்தோட்டம்

போன பங்குனியில் குடைமிளகாய் எலுமிச்சம்பழ அளவு வந்ததுமே அடியில் பழுப்புத் தழும்பு விழ ஆரம்பித்தது. சரியாக நுனியில்கூட இல்லை, நுனியை ஒட்டிய பக்கவாட்டில். அழுத்திப் பார்த்தால் ஈரமே கிடையாது. காய்ந்து, உள்வாங்கி, விறைப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் அதன்மேல் கறுப்புப் பூசணம். நர்சரியில் காட்டியதும் "பூஞ்சை" என்று சொல்லி ஒரு பொட்டலம் மருந்து தந்தார்கள். அடிப்பதற்கு முன் ஒரு காயை நெடுக்காக வெட்டினேன். கறுப்பு அந்தத் தழும்போடு நின்றிருந்தது. அதைத் தாண்டிச் சதை பச்சையாக, விதை வெள்ளையாக. இலையிலும் ஒரு புள்ளி இல்லை. பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

இது பூ நுனி அழுகல். நோய் இல்லை, தண்ணீர்க் கோளாறு. சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) வேர் உறிஞ்சும் நீரோடுதான் மேலே ஏறும். இலைகள் நீரை நிறைய ஆவியாக்குவதால் பெரும்பங்கு அங்கே போய்விடும், காய்க்குக் கிடைப்பது மிச்சம்தான். மாடி வெயிலில் சின்னப் பை மத்தியானத்துக்குள் காய்ந்து, சாயங்காலம் நாம் வெள்ளமாக ஊற்றும்போது, வேகமாகப் பெருக்கும் காயின் அடிப்பகுதிக்கு அது எட்டுவதில்லை. திசு செத்துவிடுகிறது. கறுப்புப் பூசணம் செத்த இடத்தில் பிறகு வந்து குடியேறுவது.

காலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், பைமேல் காய்ந்த சருகைக் கனமாகப் பரப்பினேன், நிழல்வலை கட்டினேன். தழும்பு விழுந்த காய்களைக் கிள்ளிவிட்டேன், அவை தேறாது. மீன் அமிலத்தையும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த உரம்) கொஞ்ச நாள் நிறுத்தினேன், தழைச்சத்து ஏறினால் இலைதான் கொழுக்கும். அடுத்துப் பிடித்த காய்கள் சுத்தமாக வந்தன. முட்டை ஓடு போடச் சொல்லி எல்லா வீடியோவிலும் வரும். அது மட்கி வேருக்குக் கிடைப்பதற்குள் செடியின் ஆயுசே முடிந்துவிடும். தவிர, பக்கெட்டெல்லாம் உப்புப் படியும் எங்கள் போர்த் தண்ணீரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்?

மாயவரம் பக்கம், கொல்லைத் தோட்டம்

அக்கா, உங்களுக்கு வெயிலில் வந்தது, எங்களுக்கு ஐப்பசி அடைமழையில் வந்தது. பச்சையாக இருந்தவரை ஒன்றுமில்லை. சம்பா மிளகாய் சிவக்கச் சிவக்கத்தான் பழத்தின் நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்தது. உற்றுப் பார்த்தால் வளையத்துக்குள் வளையம், நடுவில் மிளகுத்தூள் தூவியதுபோல கறுப்புப் புள்ளிகள். தூறல் விடாத நாளில் அதன்மேல் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுப்பு வேறு. பிளந்தால் விதையும் துருப்பிடித்த நிறம். கிளை நுனியும் மேலிருந்து கருகிக்கொண்டே வந்தது.

பழ அழுகலும் நுனிக்கருகலும் ஒரே பூஞ்சாணத்தின் வேலைதானாம். மழைத்துளி தெறித்துத் தெறித்துப் பக்கத்துச் செடிக்குப் போகும். புள்ளி விழுந்த பழத்தை ஒன்றுவிடாமல் பறித்துக் குழியில் புதைத்தோம், கருகிய நுனியைக் கீழே நல்ல பச்சை தெரியும்வரை வெட்டினோம். செடிமேல் தண்ணீர் தெளிப்பதையும் விட்டாயிற்று. என் மாமியாருக்கு அந்தப் பழத்திலிருந்து விதை எடுத்து வைக்க ஆசை. கெஞ்சித்தான் தடுத்தேன், நோய் விதையோடு அடுத்த வருஷத்துக்கும் போகும்.

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்

மாயவரம் தங்கை சொன்ன பழ அழுகலுக்கு மருந்துக் கணக்கு சேர்க்கிறேன். அறிகுறி கண்டதும் பூஞ்சாணக் கொல்லி, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேன்கோசெப் அல்லது 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு, 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. மழை இல்லாத நேரம் பார்த்து அடியுங்கள். பறிப்பதற்கு எத்தனை நாள் விட வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும், வீட்டுச் சமையலுக்கு என்பதால் அதை விடாமல் படியுங்கள். விதைக்கும் முன்பே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணத் தூள்) கலந்தால் பாதித் தொல்லை குறையும். வீட்டில் ஒரு பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

பூ நுனி அழுகலுக்கு இந்த மருந்தெல்லாம் வீண் செலவு. காய் தண்ணீர்ப் பை மாதிரி தொங்கி நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா. அநேகமாகப் புழு துளைத்த ஓட்டை வழியாக வந்திருக்கும், அங்கே புழுவைத்தான் பார்க்க வேண்டும்.

ஓசூர்

வெயில் படும் பக்கம் மட்டும் வெள்ளையாகக் காகிதம்போல ஆனால் அது வெயில் சுட்டது, அழுகலே இல்லை. நான் இலையை அதிகம் கழித்துவிட்ட செடிகளில் மட்டும் வந்தது. நிழல்வலை போட்டதும் புதுக் காய்களில் இல்லை.

திருச்சி

எனக்குக் காயில் ஒன்றுமில்லை சார், செடியே போகிறது. நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று பச்சை இலையோடு தொங்குகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது.

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்

அப்படியானால் தண்ணீர் ஊற்றாதீர்கள் தம்பி. தூரை அறுத்து, ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால்போல இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து இல்லை, செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். இழை வராமல், தரையை ஒட்டிய தண்டு கருத்து, வேர்ப்பட்டை இழுத்ததும் உரிந்து வந்தால் வேரழுகல். பையின் அடித்துளை அடைத்திருக்கும், பாருங்கள்.

திருச்சி

இழை வரவில்லை. தண்டு கறுப்பாக இருக்கிறது. பையைத் தூக்கினால் அடியில் தேங்காய் நார்க்கழிவு சேறாக இறுகி, துளை மூன்றும் அடைபட்டிருக்கிறது. மற்றப் பைகளுக்கு என்ன செய்ய? இந்த மண்ணில் கத்தரி வைக்கலாமா?

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்

மற்றப் பைகளைச் செங்கல்மேல் ஏற்றி, துளையைக் குத்திவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப்பாகம் நனைய ஊற்றுங்கள். இந்த மண்ணில் கத்தரி, தக்காளி வேண்டாம், பூசணி வகையும் வேண்டாம். சின்ன வெங்காயம் ஊன்றுங்கள்.