ரிப்பீட்டபிள் ரீட் போட்டும் விதி உடையுது, ரெண்டு டிரான்சாக்ஷனும் கமிட் ஆகுது. ஏன்?

பர்கூர்_எம்இ:
வணக்கம். அட்வான்ஸ்டு டேட்டாபேஸ் பாடத்தில் கன்கரன்சி கன்ட்ரோல் பயிற்சிக்குக் கிருஷ்ணகிரி மாங்கா மண்டியை எடுத்துக்கிட்டேன். 'மேடை' டேபிளில் ரெண்டே வரி: எடை மேடை 1, எடை மேடை 2. ரெண்டும் திறந்திருக்கு. ஒரு மேடையாவது எப்பவும் திறந்திருக்கணும், இல்லாட்டி பெங்களூரா ரக மாங்கா ஏத்தி வந்த லாரியெல்லாம் ரோட்டுலயே நிக்கும். இதுதான் விதி. டிரான்சாக்ஷன் (முழுசா நடக்கணும், இல்லாட்டி எதுவுமே நடக்கக்கூடாதுன்னு கட்டின குவெரிகள்) முதலில் திறந்த மேடைகளை எண்ணும். 2 இருந்தா மட்டும் தன் மேடையை மூடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரெண்டு டெர்மினல் திறந்து, மேடை 1-ஐ மூட டி1, மேடை 2-ஐ மூட டி2-ன்னு ரெண்டு டிரான்சாக்ஷனை ரிப்பீட்டபிள் ரீட் என்ற ஐசொலேஷன் லெவலில் (ஒரே நேரத்தில் ஓடுறவை ஒண்ணையொண்ணு எவ்வளவு பார்க்கலாம்கிற அமைப்பு) ஓட்டினா ரெண்டும் எரர் இல்லாம கமிட் ஆகுது (மாற்றம் நிலைச்சுடுது), திறந்த மேடை 0. டூ-ஃபேஸ் லாக்கிங் (ஒரு லாக்கை விட ஆரம்பிச்ச பிறகு புது லாக் எடுக்காத முறை) இருந்தா சீரியலைசபிள், அதாவது ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு ஓடின மாதிரியே முடிவு வரும்னு பாடத்தில் இருக்கே, எங்கே தப்பு? தேர்வில் இதை எப்படி எழுதுறது?

காவேரிப்பட்டினம்:
உங்க பயிற்சியில் தப்பு இல்லைங்க. போஸ்ட்கிரெஸின் ரிப்பீட்டபிள் ரீட் டூ-ஃபேஸ் லாக்கிங்கே கிடையாது, அது ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன். படிக்கிறவங்க ஷேர்டு லாக் (மத்தவங்க படிக்கலாம், எழுத முடியாது) எடுக்கிறதில்லை, தங்கள் ஸ்னாப்ஷாட்டில் (ஒரு கணத்தில் டேட்டா இருந்த நிலை) இருக்கும் பழைய வெர்ஷனைப் பார்ப்பாங்க. ஒரே வரியை ரெண்டு பேரும் மாத்தினா மட்டும்தான் இரண்டாவது ஆள் அடி வாங்குவார். இங்கே டி1 எழுதுறது மேடை 1, டி2 எழுதுறது மேடை 2. மோதலே இல்லைன்னு எஞ்சின் விட்டுடும். இதுக்குப் பேர் ரைட் ஸ்கியூ.

தேர்வில் ஷெட்யூலை, அதாவது படிக்கிற, எழுதுற வரிசையை இப்படி எழுதுங்க (ம1, ம2 என்பது ரெண்டு வரிகள்):
டி1 படி(ம1), டி1 படி(ம2), டி2 படி(ம1), டி2 படி(ம2), டி1 எழுது(ம1), டி2 எழுது(ம2).

டி2 ம1-ஐப் படிச்ச பிறகு டி1 அதை எழுதுது, அதனால் டி2-இலிருந்து டி1-க்கு ஒரு அம்பு. டி1 ம2-ஐப் படிச்ச பிறகு டி2 எழுதுது, டி1-இலிருந்து டி2-க்கு இன்னொரு அம்பு. எது முதலில் வரணும்னு அம்பு போட்டுக் காட்டும் பிரிசிடென்ஸ் கிராஃபில் சுழற்சி வந்துடுச்சு, ஆகவே கான்ஃப்ளிக்ட் சீரியலைசபிள் இல்லை. ரெண்டு அம்பும் 'படிச்ச பிறகு எழுதினது' வகைதான் என்பதை ஒரு வரி சேர்த்து எழுதுங்க, கேள்வியின் உயிர் அதுல இருக்கு.

இதையே ஸ்ட்ரிக்ட் டூ-ஃபேஸ் லாக்கிங்கில் ஓட்டிப் பாருங்க. ரெண்டு பேர் கையிலயும் ரெண்டு வரிக்கும் ஷேர்டு லாக் இருக்கும். டி1-க்கு ம1 மேல் எக்ஸ்குளூசிவ் லாக் (எழுதுறதுக்கு, ஒருத்தருக்கு மட்டும்) வேணும், டி2 விடாது. டி2-க்கு ம2 மேல் வேணும், டி1 விடாது. டெட்லாக், ஒருத்தருக்காக ஒருத்தர் காத்து ரெண்டும் நிக்கும். ஒண்ணு ரோல்பேக் ஆகும் (ரத்தாகும்), விதி தப்பிக்கும்.

1992 எஸ்கியூஎல் தரம் டர்ட்டி ரீட் (கமிட் ஆகாததைப் படிக்கிறது), நான்-ரிப்பீட்டபிள் ரீட் (மறுபடி படிச்சா வரி மாறியிருக்கிறது), ஃபேன்டம் (மறுபடி தேடினா புது வரி வர்றது)னு மூணு கோளாறை வச்சு ஐசொலேஷன் லெவல்களை வரையறுத்துச்சு. அந்த மூணில் ரைட் ஸ்கியூ இல்லை. இந்த ஓட்டையை 1995-ல் டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரே உள்ளிட்டவங்க எழுதிக் காட்டினாங்க.

ஓசூர்_டிபிஏ:
மேலே சொன்னது சரி. லேபில் செய்யும்போது ஒரு இடம் வழுக்கும்: ஸ்னாப்ஷாட்டை, டிரான்சாக்ஷனைத் தொடங்க பிகின் போட்ட நேரத்தில் எடுக்கிறதில்லை, முதல் குவெரி ஓடும்போதுதான். ரெண்டு டெர்மினலிலும் பிகின் மட்டும் போட்டுட்டு, முதலாவதை முழுசா கமிட் பண்ணிட்டு இரண்டாவதில் எண்ணினா 1-னு சரியா வரும், கோளாறு தெரியாது. ரெண்டிலும் எண்ணி முடிச்ச பிறகுதான் அப்டேட்டுக்குப் போகணும்.

சரி பண்ண ரெண்டு வழி. ஒண்ணு, லெவலை சீரியலைசபிள் ஆக்குறது. போஸ்ட்கிரெஸ் 9.1 (2011) முதல் இது நிஜமான சீரியலைசபிள். அதுக்கு முந்தைய பதிப்புகளில் அந்தப் பேரில் கிடைச்சது ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன்தான். முதல் கமிட் போகும், இரண்டாவதுக்கு 40001 எரர் (சீரியலைஸ் பண்ண முடியலைன்னு அர்த்தம்). வந்தா டிரான்சாக்ஷனை எண்ணுறதிலிருந்து மறுபடி ஓட்டணும். அப்டேட்டை மட்டும் திரும்ப அனுப்பினா பழைய 2-ஐ நம்பி மூடிடுவீங்க.

இன்னொண்ணு, ரீட் கமிட்டட் லெவலிலேயே (அதுவரை கமிட் ஆனதை ஒவ்வொரு குவெரியும் புதுசா பார்க்கும்) இருந்துக்கிட்டு, படிக்கிற வரியை லாக் பண்ணும் 'ஃபார் அப்டேட்' போட்டுப் படிக்கிறது. கவுண்ட்டோட அதை நேரா சேர்த்தா போஸ்ட்கிரெஸ் மறுத்துடும். உள் குவெரியில் திறந்த வரிகளை எண் வரிசைப்படி ஃபார் அப்டேட் போட்டு எடுத்து, வெளியே எண்ணுங்க. ரெண்டு பேரும் ஒரே வரிசையில் லாக் கேட்கிறதால டெட்லாக் வராது. இரண்டாவது ஆள் காத்திருந்து எழும்போது மேடை 1 மூடினது தெரிஞ்சு 1-னு எண்ணுவார், தன் மேடையை மூடாம விட்டுடுவார்.

ஆனா 'மூணு மேடைக்கு மேல் கூடாது'ன்னு விதி இருந்து, புது வரி இன்சர்ட் ஆகுதுன்னா இந்த வழி உதவாது. இன்னும் பிறக்காத வரியை எப்படி லாக் பண்றது? அங்கே மண்டிக்குன்னு ஒரு தாய் வரி வச்சு, எல்லாரும் முதலில் அதை லாக் பண்ணணும்.

பர்கூர்_எம்இ:
சீரியலைசபிளில் 40001 வந்துச்சுங்க, நன்றி. மேடை 3, 4 சேர்த்துப் பார்த்தேன். டி1 மேடை 1-ஐ மட்டும் படிச்சு மாத்துது, டி2 மேடை 3-ஐ மட்டும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை, அப்பவும் 40001. பிரைமரி கீயும் இருக்கு.

ஓசூர்_டிபிஏ:
நாலு வரி டேபிளில் பிரைமரி கீ இருந்தும் பிளானர் (குவெரியை எப்படி ஓட்டணும்னு முடிவு பண்ற பகுதி) அதைத் தொடாது. எல்லாம் ஒரே 8 கேபி பக்கத்தில் அடங்குறதால சீக்வென்ஷியல் ஸ்கேன்தான் (டேபிளை முழுசா படிக்கிறது) மலிவு. அப்படி ஸ்கேன் பண்ணினா 'படிச்சேன்' என்ற குறிப்பு முழு டேபிள் மேலயும் விழும். டிரான்சாக்ஷன் திறந்திருக்கும்போது பிஜி_லாக்ஸ் வியூவைப் பாருங்க: மோடில் எஸ்ஐரீட்லாக், லாக்டைப்பில் ரிலேஷன்னு இருக்கும். அந்த செஷன்களில் மட்டும் எனேபிள்_சீக்ஸ்கேனை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. குறிப்பு டியூப்பிள் (ஒரு வரி) அளவுக்கு இறங்கும், ரெண்டும் கமிட் ஆகும். லேபுக்கு மட்டும் இது, நிஜ சர்வரில் இந்த செட்டிங்கைத் தொடாதீங்க.

அரூர்:
லேபில் மைஎஸ்கியூஎல் வச்சிருக்கிறவங்களுக்கு: அதன் ஸ்டோரேஜ் எஞ்சின் இன்னோடிபியின் டீஃபால்ட் ரிப்பீட்டபிள் ரீட்லயும் இந்த ரைட் ஸ்கியூ வரும், ஏன்னா சாதா செலக்ட் அங்கேயும் லாக் எடுக்கிறதில்லை. சீரியலைசபிள் போட்டா டிரான்சாக்ஷனுக்குள்ள இருக்கிற செலக்ட் ஷேர்டு லாக் எடுக்கும். காவேரிப்பட்டினம் சொன்ன அதே டெட்லாக், 1213 எரரா வரும். ஒரே ஷெட்யூலை ரெண்டு எஞ்சினிலும் ஓட்டி, 40001-ஐயும் 1213-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் ரெக்கார்டில் ஒட்டுங்க. ஆரக்கிளில் சீரியலைசபிள்னு போட்டாலும் கிடைக்கிறது ஸ்னாப்ஷாட் ஐசொலேஷன்தான், அங்கே திறந்த மேடை 0 ஆகும்.