யாரும் கண்டுகொள்ளாத கதாபாத்திரங்கள்: உங்கள் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பாம்பன் பக்கம். அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) டிவியில் வந்தால் வீட்டில் எல்லோரும் அமுதாவுக்காக அழுவோம். அம்மா அழுவது ஷ்யாமாவுக்காக. நந்திதா தாஸ் செய்த வேடம். இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, அகதி முகாமில் அமுதாவைப் பெற்று, பிள்ளையை விட்டுவிட்டுக் கணவனைத் தேடித் திரும்பிப் போகிறவள். படத்தில் அவள் வரும் நேரம் கொஞ்சம்தான். 1983-க்குப் பிறகு மண்டபம் முகாமுக்கு வந்த பெண்களை அம்மா நேரில் பார்த்தவர். ஒருத்தி கைக்குழந்தையோடு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாளாம். பெயர் சொல்லவில்லை. "அந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கோ" என்று படம் முடியும்போதெல்லாம் அம்மா கேட்பார். எந்தப் பிள்ளையை என்று நான் கேட்டதில்லை.

சரி, உதவி இதுதான். அடுத்த மாதம் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் கூடி இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசப்போகிறோம். சினிமாவோ சீரியலோ, யாரும் கவனிக்காத ஒருவர் உங்கள் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுதுங்கள். எந்தக் காட்சி, ஏன் அவர், இரண்டும் வேண்டும். கதாநாயகனின் நண்பர்கள் வேண்டாம், அவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது.

அப்புறம் முக்கியமாக, பாசி எடுக்கும் பெண் ஏதாவது படத்தில் ஒரு காட்சியிலாவது வருகிறாளா? தெரிந்தால் படத்தின் பெயரைச் சொல்லுங்கள். கண்புரை முற்றுவதற்குள் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.