பூச்சிமருந்து விற்பனையிலிருந்து மரபு நெல்லுக்கு: வழி சொல்லுங்கள்

வணக்கம். வயது 46. டெல்டா மாவட்டங்களில் பூச்சிமருந்து விற்பனை மேலாளராக இருக்கிறேன். ஊருக்கெல்லாம் மருந்து விற்றுவிட்டு, வீட்டுச் சோற்றுக்கு மட்டும் மருந்தடிக்காத அரிசி தேடி வாங்குகிறேன். இந்த இரட்டை வேடம் போதும். (மனைவி இதை எப்போதோ சொல்லிவிட்டார்.)

மன்னார்குடி பக்கம் அப்பாவின் மூன்று ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போட எண்ணம். அதுவோ ஏறத்தாழ 160 நாள் பயிர். அங்ககச் சான்றுக்கு (இயற்கை விவசாயச் சான்று), ரசாயனத்தை நிறுத்திக் காத்திருக்கும் இரண்டு ஆண்டு மாற்றுக் காலம் வேறு. மகள் பிளஸ் டூ. வீட்டுக் கடனும் இருக்கிறது.

மாதச் சம்பளத்தை விட்டு நிலத்துக்கு வந்தவர்கள் அந்த இரண்டு ஆண்டை எப்படிச் சமாளித்தீர்கள்? ஏற்றுமதி நோக்கமில்லை, திருச்சி, சென்னைக் கடைகளுக்குக் கொடுக்க பி.ஜி.எஸ். குழுச் சான்று (விவசாயிகள் குழுவாக ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்த்துத் தருவது) போதுமா? வேலையை விடாதே என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.